கட்டில் எரிகிறது, வாடகை பாக்கி: மெல்பேர்ண் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழுவில் இருக்கும் அண்ணாமார் அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

மெல்பேர்ணில் நமக்கு எத்தனை சங்கங்கள் என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கலாமன்றம், கோயில் சபை, அதிலிருந்து பிரிந்த இன்னொரு சபை. ஆகவே இந்த மடலை எந்த ஒரு சங்கத்தின் பெயருக்கும் எழுதவில்லை. விழா நடத்துகிற எல்லோரும் தங்களுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளாளருக்கு முடிவில் தனியாக ஒரு வேலை வைத்திருக்கிறேன். அவர் இடையில் எழும்பிப் போகவேண்டாம்.

நான் கடைசியாகப் போன பொங்கல் விழாவிலிருந்து தொடங்குகிறேன். விளக்கேற்றி, வாழ்த்துப் பாடி முடிந்ததும், அறிவிப்பாளராக நின்ற பிள்ளை ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்து, இந்த நிலத்தின் உரித்தாளர்களுக்கு மரியாதை செலுத்தும் அந்த நாலு வரியை ஆங்கிலத்தில் வாசித்தது. மெல்பேர்ண் நிலத்துப் பூர்வகுடி மக்களின் பெயரான 'வுருன்ஜெரி'யில் தடக்கி, இரண்டாம் தரமும் தடக்கி, மூன்றாம் தரம் சிரித்துவிட்டது. மண்டபமும் சேர்ந்து சிரித்தது. பின்வரிசையில் கதிரை இழுக்கிற சத்தம். பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். மேடை ஏற ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் யாரோ அந்தத் துண்டைக் கையில் திணித்திருப்பார்கள்.

இரவு எட்டரைக்கு நம் பிள்ளைகளின் வாத்தியக் குழு. நன்றாகவே வாசித்தார்கள். கடைசிப் பாட்டு மிட்நைட் ஒயில் என்ற அவுஸ்திரேலிய ரொக் குழுவின் 'பெட்ஸ் ஆர் பேர்னிங்', அதாவது 'கட்டில்கள் எரிகின்றன'. அந்தப் பாட்டின் முகப்பில் ஊதுவாத்தியம் மூன்று அடி அடித்துவிட்டு நிற்கும். ட்ரம்பெட் இல்லாததால் கீபோர்டில் அடித்தார்கள். அந்த மூன்று அடி போதும், வேட்டி கட்டின மாமாமார் எல்லாம் ஆட எழும்பிவிட்டார்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கையில் மட்டன் ரோல்ஸோடு நின்ற ஒருவர் என் காதுக்குள் கேட்டார்: "இது காட்டுத்தீ வந்த நேரம் பாடின பாட்டோ?"

நான் சிரிக்கவில்லை. அவரைவிட மோசமாக அதை விளங்கிக்கொண்டவன் நான்.

1990 இல் வந்து சேர்ந்த புதிதில் பிரஸ்டனில், மெரி ஓடைக்குக் கிட்ட, ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய விடிய வானொலி பாடும். என் ஆங்கிலம் அப்போது பாதி வழியில் நின்றது. அந்தப் பாட்டில் எனக்குப் பிடிபட்டது ஒரேயொரு வரி: கட்டில் எரியும்போது எப்படித் தூங்குவது என்று ஒருவன் கேட்கிறான். எங்கள் வீட்டுக் கட்டில் உண்மையாகவே எரிந்தது. முதிரை மரக் கட்டில், அம்மாவின் சீதனம். இந்த மொட்டைத்தலை வெள்ளைக்காரனுக்கு எங்கள் கதையை யார் சொன்னது என்று நினைத்தேன். ஆறேழு வருடம் அதை என் பாட்டு என்றே நம்பிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒருநாள் சீடி உறையில் இருந்த வரிகளை ஆறுதலாக வாசித்தேன். நிலம் அவர்களுடையது, திருப்பிக் கொடுக்கவேண்டும், வாடகையைக் கட்டவேண்டும். பாட்டு சொல்வது இவ்வளவுதான். எரிகிற கட்டிலில் படுத்திருப்பவன் வீட்டைப் பறிகொடுத்தவன் அல்ல, பறித்த வீட்டில் குடியிருப்பவன்.

ஆங்கிலக்காரன் 'வீ' என்ற ஒரு சொல்லோடு தப்பிவிடுவான். தமிழில் அது முடியாது. இந்தப் பாட்டைத் தமிழாக்க உட்காருங்கள், முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 'நாம் எப்படித் தூங்குவது' என்று எழுதினால் நிலத்தைப் பறிகொடுத்தவர்களும் அதே கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்றாகிவிடும். 'நாங்கள் எப்படித் தூங்குவது' என்றுதான் வரவேண்டும். சரி, அந்த 'நாங்கள்' யார்? வெள்ளைக்காரர் மட்டுமா? பிரஸ்டனில் வேலை செய்து, கடன் எடுத்து, பின்வளவில் கறிவேப்பிலை நட்ட நானுமா? (எங்கள் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான் என்பது வேறு கதை.) இந்த நாட்டின் வடக்கே, ஆனம் நிலத்தில் (Arnhem Land) வாழும் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களின் மொழியிலும் இதே பிரிவு இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'லிமுர்', சேர்க்காவிட்டால் 'ஙனபுர்'. 'ஙப் போல் வளை' என்று ஆத்திசூடியில் படித்ததோடு நாம் கைகழுவிவிட்ட எழுத்து, அங்கே அன்றாடப் பேச்சில் ஓடித் திரிகிறது.

அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்பதை நம் மேடைகளில் ஒருவரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பிந்துபி என்று ஒரு மக்கள். நாட்டின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே உள்ள பாலைவனம் அவர்களுடையது. வெள்ளைக்காரர் கண்ணில் கடைசியாகப் பட்ட மக்களில் அவர்களும் சேர்த்தி. 1960-களில் பிரித்தானியா தன் 'புளூ ஸ்ட்ரீக்' ரொக்கெட்டுகளைத் தென் அவுஸ்திரேலியாவின் வூமராவில் இருந்து ஏவிப் பார்த்தது. அவை பறக்கும் பாதை இந்தப் பாலைவனத்துக்கு மேலே. வெறும் தரை என்று வரைபடத்தில் நினைத்த இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதிகாரிகள் வாகனத்தில் போய் அவர்களைத் தேடினார்கள். ரொக்கெட் ஒரு காரணம். 'எல்லோரையும் எங்களைப்போல் ஆக்கிவிடுவோம்' என்ற அந்தக் கால அரசாங்கக் கொள்கை இன்னொன்று. குடும்பம் குடும்பமாக லொறியில் ஏற்றி, கிழக்கே பப்புனியா என்ற அரசாங்கக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். பல மொழிக்காரரை ஒரே இடத்தில் அடைத்த முகாம் அது. வந்த சில வருடங்களுக்குள்ளேயே பலர் நோயில் போய்விட்டார்கள். முகாம் என்றால் என்ன, நிவாரண வரிசை என்றால் என்ன என்று நம்மில் பாதிப் பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பப்புனியாவில்தான் 1971 இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் கொடுத்த வர்ணத்தை எடுத்து, முதியவர்கள் தங்கள் நிலத்தின் கதைகளைப் பலகையில் புள்ளி புள்ளியாகத் தீட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் தொங்கும் 'புள்ளி ஓவியம்' அங்கே பிறந்தது. அழகுக்காக மட்டும் வைத்த புள்ளிகள் என்று நினைக்கவேண்டாம். எந்த மேட்டுக்கு யார் உரித்து, எந்தக் கிணற்றடியில் எந்த மூதாதை தங்கினான் என்று அதில் இருக்கிறது. காணி உறுதியைப் படமாக எழுதி வைத்த மாதிரி.

1981 இல் அவர்கள் திரும்பிப் போனார்கள். யாரும் அனுப்பிவைக்கவில்லை. தாங்களாகவே மேற்கே, மேற்கு அவுஸ்திரேலிய எல்லைக்குக் கிட்ட, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருந்து 500 கிலோமீற்றருக்கும் அப்பால் கின்டோரில் போய் இறங்கினார்கள். அவர்கள் மொழியில் அந்த இடம் வலுங்குரு. 1984 இல் அதற்கும் மேற்கே, வெளியுலகையே காணாமல் வாழ்ந்த ஒன்பது பேர் கொண்ட ஒரு பிந்துபி குடும்பம் உறவினரிடம் வந்து சேர்ந்தது. இங்கே நாம் கலர் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மன்னிக்கவும், நான் அப்போது ஊரில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிலர் இங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

1986 இல் சிட்னியின் மிட்நைட் ஒயில் குழு இந்தப் பாலைவனக் குடியிருப்புகளுக்குப் பாடப் போனது. கூட்டிக்கொண்டு போனது பப்புனியாவில் பிறந்த வறும்பி பாண்ட். உண்மையைச் சொன்னால் அவர்கள்தான் முன்னோடி. 1983 இல் 'ஜெயிலங்குரு பகர்னு' என்று லுரிஜா மொழியில் ஒரு ரொக் பாட்டு வெளியிட்டார்கள். பூர்வகுடி மொழியொன்றில் இசைத்தட்டாக வந்த முதல் ரொக் பாட்டு அது. சிறையில் இருந்து வெளியே வந்தவனின் பாட்டு. மிட்நைட் ஒயில் அந்தப் பயணத்தில் கண்டதைத்தான் 1987 இல் 'டீசல் அன்ட் டஸ்ட்' என்ற தொகுப்பாக்கியது. அதன் முதற்பாட்டு நாம் ஆடிய பாட்டு. பாட்டுக்குள் கின்டோர் வருகிறது, யுவெண்டுமு என்ற இன்னொரு பாலைவனக் குடியிருப்பு வருகிறது, 45 பாகை வெயிலும் துருப்பிடித்த ஹோல்டன் காரும் வருகின்றன. காட்டுத்தீ வரவில்லை.

இப்போது கதையின் கசப்பான பகுதி. சொந்த நிலத்துக்குத் திரும்பியவர்களைச் சிறுநீரக நோய் மறுபடி கிளப்பியது. முகாம் காலத்து மாவும் சீனியும் டின் சாப்பாடும் அதில் ஒரு பங்கு. இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் போகவேண்டிய சிகிச்சைக்கு 500 கிலோமீற்றர் எப்படிப் போய்வருவது? நோயாளிகள் ஊரை விட்டு நகரத்தில் போய்த் தனியே இருந்தார்கள், அங்கேயே இறந்தார்கள். அரசாங்கத்திடம் கேட்டுக் களைத்த பிறகு, 2000 ஆம் ஆண்டு கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் கூடிப் பெரிய ஓவியங்களைத் தீட்டி, சிட்னிக் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசில் தொடங்கிய முயற்சியால் 2004 இல் கின்டோரிலேயே இயந்திரம் ஓடியது. இன்று அந்த அமைப்பை 'பேர்ப்பிள் ஹவுஸ்' என்கிறார்கள். அந்த 2000 ஆம் ஆண்டில்தான், ஒக்டோபர் 1 அன்று, சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் மிட்நைட் ஒயில் 'சொறி' (மன்னிக்கவும்) என்று எழுதிய கறுப்பு உடுப்போடு இதே பாட்டைப் பாடியது. பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் ஜோன் ஹவார்ட் பார்வையாளர் வரிசையில் இருந்தார். உலகம் முழுக்கக் கைதட்டியது. நான் அந்தக் காட்சியைப் பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். ஆனால் எது பெரிய மேடை என்று கேட்டால் நான் அந்த ஏலக் கூடத்தைத்தான் காட்டுவேன். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் நிலத்தில் சாவதற்குத் தாங்களே காசு சேர்த்த இடம் அது.

பாடியவர்களைத் தூக்கித் தலையில் வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடகர் பீற்றர் கரட் பிறகு அரசியலுக்குப் போனார், 2007 இல் சுற்றுச்சூழல் அமைச்சரானார், அணு எதிர்ப்புக்குப் பேர்போன அதே மனிதர் 2009 இல் தென் அவுஸ்திரேலியாவில் ஒரு யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பாட்டு அந்தக் கையெழுத்தைவிட நேர்மையானது. அதற்காகவாவது அதைச் சரியாகப் பாடுவோம்.

யோல்ங்கு மக்களின் யோத்து யிண்டி இசைக்குழுவையும் ஒருமுறை பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுங்கள். 1988 இல் பரூங்காவில் பூர்வகுடித் தலைவர்கள் கொடுத்த கோரிக்கையை வாங்கிக்கொண்டு, நாடாளுமன்றக் காலம் முடியமுன் ஒப்பந்தம் செய்வோம் என்றார் பிரதமர் பொப் ஹோக். செய்யவில்லை. 1991 இல் 'ட்ரீட்டி' என்ற பாட்டு வந்தது, பாதி ஆங்கிலம், பாதி யோல்ங்கு மக்களின் குமாஜ் மொழி. அதைப் பாடிய மண்டவுய் யுனுபிங்கு ஒரு பள்ளிக்கூட அதிபர். 2013 இல் 56 வயதில் அவரும் சிறுநீரக நோயில்தான் இறந்தார்.

சரி, வாடகை என்று பாட்டில் வருவது கவிஞன் விட்ட கற்பனையா? இல்லை. 'வாடகையைக் கட்டு' என்ற கோரிக்கை 1970-களிலேயே பூர்வகுடி மக்களின் இயக்கத்தில் இருந்தது. நம் மெல்பேர்ணில் அது இன்னும் பழையது. 1835 யூன் மாதம் ஜோன் பட்மன் என்ற ஆள் வுருன்ஜெரி மூத்தவர்களோடு ஒரு பத்திரம் எழுதினான். 5 இலட்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்பளி, கத்தி, கோடரி, முகம் பார்க்கும் கண்ணாடி, மாவு. அதோடு வருடா வருடம் கட்டும் வாடகை: 100 சோடி கம்பளி, 100 கத்தி, 100 கைக்கோடரி, 5 தொன் மாவு இப்படி. பேராசைக்காரன் எழுதிய ஏமாற்றுப் பத்திரம்தான். மூத்தவர்கள் அதை விற்பனை என்று விளங்கியிருப்பார்களா என்பதே சந்தேகம். என்றாலும் 'நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்கு வருடாவருடம் ஏதோ தரவேண்டும்' என்றாவது அதில் இருந்தது. மூன்று மாதத்துக்குள் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பேர்க் அது செல்லாது என்று அறிவித்தார். காரணம் ஏமாற்று என்பதல்ல. நிலம் பிரித்தானிய முடிக்குரியது, அந்த மக்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ உரிமையே இல்லை என்பது. எழுதிய இடம் மெரி ஓடைக்கரை என்று பலர் சொல்கிறார்கள். என் தொழிற்சாலையின் பின்கதவைத் திறந்தால் அந்த ஓடை. பத்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தவன் நான்.

2025 இறுதியில் விக்டோரியா நாடாளுமன்றம் ஒப்பந்தச் சட்டத்தை நிறைவேற்ற, மாநில அரசு பூர்வகுடி மக்களின் பேரவையோடு கையெழுத்திட்டது. பட்மன் பத்திரத்துக்கு 190 வருடம் கழித்து. நம் சங்கங்களின் வட்ஸ்அப் குழுக்களில் அன்றைக்கு வந்தவை: ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மரண அறிவித்தல், கத்தரிக்காய் எங்கே மலிவு என்ற விவாதம். கத்தரிக்காய் விவாதத்தில் நானும் கலந்துகொண்டேன்.

அதைவிட எனக்கு உறுத்துவது 2023 ஒக்டோபர் 14. பூர்வகுடி மக்களுக்கு நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழு வேண்டுமா என்று வாக்கெடுப்பு. ஆலோசனை மட்டும்தான், எதையும் தடுக்கும் அதிகாரம் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நிற்கும்போது எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை மெல்லக் கதைத்தார்: "அவையளுக்குத் தனியா ஒண்டு குடுத்தா, நாளைக்கு எங்கட வீட்டையும் கேப்பாங்களாம் தம்பி." வீட்டைக் கேட்கமுடியாது அண்ணை. தனியாருக்கு உறுதி எழுதிக் கொடுத்த காணியில் பூர்வகுடி உரித்து அழிந்துபோனது என்பதுதான் இந்த நாட்டுச் சட்டம். 1992 இல் மாபோ வழக்கில், இது ஆளில்லாத நிலம் என்ற பொய்யை உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தபோதும் அந்த இடத்தில் கைவைக்கவில்லை. அப்படியிருந்தும் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். எல்லா மாநிலமும் வேண்டாம் என்றது. அந்த அறுபதில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று தேடப் போவதில்லை. அந்த அண்ணைக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்காகவும்தான் இந்த மடல்.

வேலியில் ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்கே மூன்று தலைமுறைக்கு வழக்காடிய ஆட்கள் நாம். ஊரில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வளவின் உறுதியைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு இங்கே வந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பூர்வகுடி மக்களின் கதையும் நம் கதையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எனக்குப் பிடிப்பதும் இல்லை. உறுதி எங்கள் கையில் இருந்தது, அவர்களிடம் கேட்கவே இல்லை. ஆனால் பறிகொடுத்தவன் என்ன கேட்கிறான் என்று விளங்கிக்கொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படக்கூடாது.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு அந்தத் துண்டுக் கடதாசியை விட்டுவிடுங்கள். முறைப்படி விண்ணப்பித்து, அதற்குரிய கட்டணத்தைக் கட்டி, வுருன்ஜெரி மூத்தவர் ஒருவரை அழையுங்கள். இந்த நிலத்துக்கு வரவேற்கும் உரிமை அவர்களுக்குத்தான், விருந்தாளி வாசலில் நின்று தன்னையே வரவேற்கமுடியாது. வருகிறவரை முன்வரிசையில் இருத்தி, அரசியல்வாதிக்குப் போடுகிற அந்தப் பொன்னாடையை அவருக்குப் போடுங்கள், பொங்கலும் கொடுங்கள். பொங்கலே நிலத்துக்கு நன்றி சொல்கிற நாள்தானே, எந்த நிலத்துக்கு என்று நாம் யோசிப்பதில்லை. பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தாராளமாக வாசிக்கட்டும். அதற்கு முன் ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் தமிழில் பிந்துபி மக்களின் கதையைச் சொல்லட்டும். வறும்பி பாண்டின் பாட்டொன்றையும் பழகட்டும். கீபோர்டில் அந்த மூன்று அடியை அடித்த பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை. மாமாமார் ஆடுவதையும் நான் தடுக்கவில்லை, நானும் ஆடுவேன்.

இப்போது பொருளாளர். உங்கள் வருடாந்தக் கணக்கறிக்கையை நான் ஒழுங்காக வாசிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். செலவுப் பக்கத்தில் மேலேயே 'மண்டப வாடகை' என்று ஒரு வரி இருக்கிறது. அதை ஒரு வருடமும் பாக்கி வைத்ததில்லை, அதற்காக உங்களை மெச்சுகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'நில வாடகை'. நுழைவுச்சீட்டுக் காசில் நூற்றுக்கு ஒன்று. 20 டொலர் சீட்டில் 20 சதம், ஒரு ரோல்ஸில் ஒரு கடிகூட வராது. யாருக்குக் கட்டுவது என்பதைப் பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்ப்போம். இங்குள்ள வுருன்ஜெரி அமைப்புக்கா, கின்டோரில் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்களுக்கா, பாதி பாதியா. அதில் சண்டை வந்தாலும் பரவாயில்லை, உருப்படியான ஒன்றுக்குச் சண்டை பிடித்த மாதிரி இருக்கும்.

தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

அன்புடன்,
பின்வரிசையில் இருந்து ஓர் ஆயுட்கால உறுப்பினர்